ஆஸ்பத்திரியின் பழைய ஏடுகள்

மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையைப் படுவான்கரை என்றும், கடலை அடுத்த கிழக்குக் கரையை எழுவான்கரை என்றும் வழங்குவது நெடுங்காலத்து வழக்கம். ஞாயிறு படும் திசையும் எழும் திசையும் நிலத்துக்குப் பெயராயின. வடக்கே ஏறாவூர்ப் பக்கத்திலிருந்து தெற்கே கல்முனைப் பக்கம் வரையில் ஏறக்குறைய 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கும் இவ்வாவிக்கு அப்பால் படுவான்கரையிற் பரந்த வயல்வெளி. இப்பால் எழுவான்கரையில் நெருங்கிய குடியிருப்பும் மீன்பிடியும். படுவான்கரையில் ஒருவருக்குக் கடும் வருத்தம் வந்துவிட்டால், மட்டக்களப்பு நகரத்துக்கோ களுவாஞ்சிக்குடிக்கோ கல்முனைக்கோ நீரைக் கடந்தே அவரைக் கொண்டுவருதல் வேண்டும்.

அவ்வாறு கொண்டுவரப்பட்ட கமக்காரர் ஒருவரை எண்ணிக்கொள்வோம். அவர் நம் கற்பனையில் உள்ள மனிதரே. வயது ஐம்பது. சில ஆண்டுகளாகச் சீனி வருத்தம் உண்டு. மாரிமழையில் வட்டையிலே முழங்காலளவு சேற்றில் நின்று வேலை செய்தவர். இரண்டு வாரமாகக் காய்ச்சல் விடவில்லை, இருமலும் உண்டு. பொது மருத்துவ வாட்டில் அவரைச் சேர்க்கின்றனர். எக்ஸ்-ரே படத்தில் நுரையீரலிலே ஒரு நிழல் தெரிகிறது. சயரோகமாக இருக்கலாமோ என்று ஐயுறுகின்றனர்.

அதே மாரியில் வேறொரு கமக்காரர் சத்திரசிகிச்சை வாட்டிற் கிடக்கிறார். அவருக்கு ஈரலிற் சீழ்க்கட்டு. மூன்றாமவருக்கு முழங்கால் வீங்கிச் சீழ் பிடித்திருக்கிறது. அவர் எலும்பு முறிவு வைத்தியரின் பொறுப்பில் இருக்கிறார். நான்காவது ஒரு சிறுவன். கன்னத்தின் கீழ் வீக்கம் கண்டு, காது மூக்குத் தொண்டை வைத்தியரிடம் அனுப்பப்பட்டிருக்கிறான். நான்கு கட்டில்கள், நான்கு வைத்தியர்கள், நான்கு நோய்ப் பெயர்கள். ஆயினும் நால்வரையும் பீடித்திருப்பது மண்ணிலும் தேங்கிய நீரிலும் வாழும் ஒரே கிருமியாக இருத்தல் கூடும். ஒரு வாட்டில் இருப்பவர் மற்ற வாட்டுக்களிற் கிடப்போரைக் காண்பதில்லையாகையால், அவ்வொற்றுமை எவர் கண்ணிலும் படாமற் போகலாம்.

அதனைக் கண்ணிற் படச்செய்வதற்கு வழி ஒன்று உண்டு. நோயாளர் வீடு சென்ற பின்னரும் ஆஸ்பத்திரியில் தங்கிவிடும் காகிதங்களை ஒருங்கு வைத்து வாசித்தலே அது.

தலைமாட்டில் தொங்கும் சீட்டு

இலங்கை ஆஸ்பத்திரிகளிலே நோயாளர் ஒவ்வொருவருக்கும் ஒரு குறிப்புச் சீட்டு உண்டு. கட்டிலின் தலைமாட்டில் இருப்பதாகையால் அதனைப் 'பெட் ஹெட் ரிக்கற்' என்றே வைத்தியரும் தாதியரும் கூறுவர். பெயர், வயது, ஊர், தொழில், வந்த நாள், சொன்ன குறை, கண்ட குறி, பரிசோதனை முடிவு, கொடுத்த மருந்து, வீடு சென்ற நாள் அல்லது இறந்த நாள் யாவும் அதில் எழுதப்படும். நோயாளர் வெளியேறிய பின் சீட்டுப் பதிவறைக்குச் செல்லும். வீடு செல்பவர் கையில் நோய் விபரம் எழுதிய அட்டை ஒன்று கொடுக்கப்படும்.

பதிவறையிற் கிடக்கும் அச்சீட்டுக்களை மீண்டும் எடுத்து, இன்ன நோயுடன் இத்தனை ஆண்டுகளில் எத்தனை பேர் வந்தனர், அவர்கள் எவ்விதத்தினர், எவர் பிழைத்தனர், எவர் இறந்தனர், ஏன் என்று ஆராய்வதைப் பின்னோக்கு ஆய்வு என்பர். இதற்கு எதிரானது முன்னோக்கு ஆய்வு. அதிலே இன்றைக்கு ஆட்களைத் தெரிந்தெடுத்து, நாளைக்கு அவர்களுக்கு நேர்வதைக் காத்திருந்து எழுதுவர். முன்னோக்கு ஆய்வுக்குப் பணமும் காலமும் மிக வேண்டும். பின்னோக்கு ஆய்வோ, ஏற்கெனவே நடந்து முடிந்ததை வாசிப்பது. ஏழை நாட்டுக்கும் மாவட்ட ஆஸ்பத்திரிக்கும் மருத்துவ மாணவருக்கும் கைக்கெட்டிய ஆராய்ச்சி இதுவே. வந்தாறுமூலையைத் தலைமையிடமாகக் கொண்ட கிழக்குப் பல்கலைக்கழகத்தின் மருத்துவ மாணவர்கள் மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலையிலே பயிலுகின்றனர். அவர்களைப் போன்றோர் ஆராய்ச்சி என்னும் துறையில் முதலிற் கால்வைக்கும் இடம் பெரும்பாலும் இத்தகைய பதிவறையாகவே இருக்கும்.

தூசி தட்டிப் பழைய காகிதம் வாசிப்பதும் ஒரு விஞ்ஞானமோ என்று சிலர் நகைக்கலாம். நகைப்பதற்கு முன் நாம் மேலே கூறிய கிருமியின் வரலாற்றைக் கேட்டல் நன்று.

இரங்கூனில் தொடங்கிய கதை

1911 ஆம் ஆண்டிலே பர்மாவின் இரங்கூன் நகர ஆஸ்பத்திரியிற் பிரேத பரிசோதனை செய்துவந்தவர்கள் அல்பிரட் விற்மோர் என்னும் ஆங்கிலேய வைத்தியரும், கிருஷ்ணசுவாமி என்னும் அவருடைய துணைவரும். மோர்பியா ஊசி போடும் வழக்கமுடையோரும் கதியற்றோருமான சிலருடைய உடல்களில், நுரையீரலிலும் ஈரலிலும் விசித்திரமான சீழ்க்கட்டுக்களை அவர்கள் கண்டனர். குதிரைகளுக்கு வரும் ஒரு நோயை அது ஒத்திருந்தது. ஆயினும் கிருமி வேறு. மறு ஆண்டில் இருவரும் சேர்ந்தே அதனை வெளியிட்டனர். பிற்காலத்தில் உலகம் அந்நோய்க்கு 'விற்மோர் நோய்' என்று பெயரிட்டது. கிருஷ்ணசுவாமியை மறந்தது. இவ்வகை மறதி விஞ்ஞான வரலாற்றிற் புதிதன்று. எனினும் சுட்டிக்காட்டாமல் மேற்செல்ல நமக்கு மனம் வரவில்லை. இன்று அந்நோயின் பெயர் மெலியோயிடோசிஸ்.

இலங்கையில் இந்நோய் முதன்முதலிற் பதியப்பட்டது 1927 இல். நோயாளர் ஓர் ஐரோப்பியத் தேயிலைத் தரகர். அதன் பின்னர் நெடுங்காலம் மிகச் சிலவே வெளிவந்தன. இந்நாட்டில் அருமையாகவே காணப்படும் நோய் என்று பலரும் எண்ணியிருந்தனர். ஆனால் இந்த நூற்றாண்டிலே, 2006 ஆம் ஆண்டு தொடக்கம், கொழும்புப் பல்கலைக்கழகத்து நுண்ணுயிரியல் அறிஞர் எனோகா கொரேயாவும் அவரோடு சேர்ந்தோரும் நாடெங்குமுள்ள ஆய்வுகூடங்களிலிருந்து ஐயத்துக்குரிய கிருமிகளைத் தருவித்து ஆராயத் தொடங்கியபோது நிலைமை மாறியது. தேடத் தேட நோயாளர் தென்பட்டனர். மட்டக்களப்பை உள்ளிட்ட கிழக்கு மாகாணத்திலும் அந்நோய் உறுதிசெய்யப்பட்டது. நூற்றுக்கணக்கான நோயாளரின் விபரங்களை ஒருங்கு வைத்து நோக்கியபோது சில பொதுமைகள் துலங்கின. அவர்களுட் பலர் நெல் விளைவிப்போர், அல்லது மண்ணோடும் நீரோடும் தொழில் செய்வோர், பலருக்கு நீரிழிவு, நோய் மிகுவது மழைக்காலத்தில்.

நோய் புதிதாக வந்ததா? அவ்வாறு கொள்வதற்கில்லை. மண் பழைய மண்; மாரியும் பழைய மாரி. இதற்கு முன்னும் கமக்காரர் பலர் இதனால் இறந்திருத்தல் கூடும். அவர்களுடைய சீட்டுக்களில் 'சயரோகம்' என்றோ 'காரணம் அறியாக் காய்ச்சல்' என்றோ 'குருதியில் நஞ்சேறல்' என்றோ எழுதப்பட்டிருக்கும். ஆய்வுகூடத்திலே கிருமி வளர்ந்தபோதும், வேறொரு சாதாரணக் கிருமியென்றோ வெளியிலிருந்து கலந்த அழுக்கென்றோ அதனை ஒதுக்கிவிடுவது எளிது. பல நாடுகளில் அவ்வாறே நிகழ்ந்தது.

பெயர் மாறினால் என்ன, வைத்தியம் ஒன்றுதானே என்று கேட்கக்கூடும். வைத்தியம் ஒன்றன்று. இக்கிருமி பென்சிலினுக்கு அடங்காது. பெரும்பாலும் ஜென்டமைசினுக்கும் அடங்காது. செஃப்டசிடைம் அல்லது மெரோபெனெம் என்னும் மருந்தை இரண்டு வாரமேனும் ஊசிமூலம் ஏற்றி, அதன்பின் கோ-ட்ரைமொக்சசோல் வில்லைகளை மூன்று மாதமளவும் விடாது கொடுத்தல் வேண்டும். இடையில் நிறுத்தினால் நோய் மீளக்கூடும். குருதியிற் பரவிய பின் தக்க மருந்து கிடையாவிடின், சில நாட்களிலேயே உயிர் போகும். ஆகையால் 'சீனி வருத்தம் உள்ள கமக்காரர், மாரிக்காலம், விடாக் காய்ச்சல்' என்ற மூன்று சொற்கள் ஓர் இளம் டாக்டரின் மனத்தில் மணி அடிக்குமானால், படுவான்கரையில் ஒரு குடும்பம் தன் தலைவனை இழவாது. அம்மணியைக் கட்டியவை பழைய சீட்டுக்கள்.

இங்கே குடும்பத்தினருக்கு ஒரு சொல். ஆஸ்பத்திரியில் டாக்டர் தொழில் என்னவென்று வினவும்போது, 'கூலி' என்றோ 'சும்மா இருக்கிறார்' என்றோ கூறி முடித்துவிடாதீர்கள். வயல் வேலையானால் வயல் வேலையென்றும், கடந்த மாதம் வெள்ளத்தில் நின்றவரானால் அதனையும் கூறுங்கள். சீனி வருத்தத்துக்கு எடுக்கும் வில்லைகளையும், முன்னர் ஆஸ்பத்திரியிற் கொடுத்த அட்டைகளையும் ஒரு தகரப் பெட்டியில் இட்டு வைத்து எடுத்துச் செல்லுங்கள். அட்டையை வெற்றிலை மடிப்பதற்குப் பயன்படுத்தும் வீடுகளும் உள.

இரண்டு பேரும் இருபத்தேழு பேரும்

பின்னோக்கிப் பார்ப்பதால் உலகம் அடைந்த பெரும் பயனுக்கு எடுத்துக்காட்டு புகையிலை. 1950 ஆம் ஆண்டிலே ரிச்சர்ட் டோல், பிராட்போர்ட் ஹில் என்னும் இரு ஆங்கில அறிஞர்கள் ஓர் ஆய்வை வெளியிட்டனர். இலண்டன் ஆஸ்பத்திரிகளில் நுரையீரற் புற்றுநோயுடன் இருந்த 709 பேரையும், அவர்களுக்கு வயதாலும் பாலாலும் ஒத்த, வேறு நோயாளர் 709 பேரையும் எடுத்து, ஒவ்வொருவரிடமும் கடந்தகாலப் புகைபிடிக்கும் பழக்கத்தை வினவினர். ஆண்கள் இரு திறத்தும் 649 பேர். புற்றுநோயுற்ற ஆண்களுள் ஒருபோதும் புகைத்தறியாதவர் 2 பேர். மற்றவருள் 27 பேர்.

இங்கு மாணவர்கள் கருதவேண்டியது ஒன்று உண்டு. நோயுற்றவர்களை மட்டும் எண்ணி, அவர்களுட் பெரும்பாலோர் புகைப்பவர் என்று கூறியிருந்தால் அது ஒன்றையும் காட்டியிராது. அக்காலத்து இங்கிலாந்தில் ஆண்களுட் பெரும்பாலோர் புகைத்தனர். நோயற்ற பக்கத்தையும் எண்ணியதாலேயே அவ்விரண்டு என்னும் எண்ணுக்குப் பொருள் பிறந்தது. இதன் பின்னர், பின்னோக்கிக் கண்டதை முன்னோக்கியும் சோதிக்க விரும்பி, 1951 இல் பிரித்தானிய டாக்டர்களுக்கு அவ்விருவரும் கடிதம் எழுதினர். ஏறக்குறைய 40,000 பேர் மறுமொழி அனுப்பினர். அவர்களைப் பல்லாண்டு தொடர்ந்து நோக்கியபோது முன்னைய முடிவு உறுதியாயிற்று.

சிறுநீரகக் கல்லும் சிறு கணக்கும்

பழைய ஏடுகள் உண்மையை மட்டுமே கூறும் என்று கொள்ளுதல் தவறு. அவை பொய் கூறுவதும் உண்டு. அதுவும் எண்களைக் கொண்டே கூறும். இதனை விளக்குவதற்கு நாம் அறிந்தவற்றுள் மிகச் சிறந்த எடுத்துக்காட்டு ஒரு சத்திரசிகிச்சைக் கணக்கு. கணக்கிற் கூர்மையுள்ள மாணவர்கள் பென்சிலை எடுத்துக்கொள்ளலாம்.

வெயிலில் உழைத்துத் தண்ணீர் குறைவாகக் குடிப்போரைச் சிறுநீரகக் கல் வருத்துவது நம் பகுதியில் யாவரும் அறிந்ததே. அக்கல்லை எடுக்க முன்னர் வயிற்றைத் திறந்து அறுவை செய்வர். பின்னர், முதுகுப்புறத்திற் சிறு துளையிட்டு அதன் வழியாக எடுக்கும் முறை தோன்றியது. 1986 இலே சாரிக் என்பவரும் அவர் கூட்டாளிகளும் இங்கிலாந்தில் வெளியிட்ட பின்னோக்கு ஆய்வில், திறந்த அறுவை பெற்ற 350 பேரையும் துளைமுறை பெற்ற 350 பேரையும் ஒப்பிட்டனர். திறந்த அறுவையில் 273 பேருக்கு வெற்றி. அஃதாவது 78 வீதம். துளைமுறையில் 289 பேருக்கு வெற்றி. அஃதாவது 83 வீதம். ஆகவே துளைமுறையே மேல் என்று தோன்றும்.

இனிக் கல்லைச் சிறிது, பெரிது என்று பிரித்துப் பார்ப்போம். சிறு கல்: திறந்த அறுவை பெற்றோர் 87 பேர், வெற்றி 81, துளைமுறை 270 பேர், வெற்றி 234. முன்னதில் 93 வீதம்; பின்னதில் 87 வீதம். பெரிய கல்: திறந்த அறுவை 263 பேர், வெற்றி 192, துளைமுறை 80 பேர், வெற்றி 55. முன்னதில் 73 வீதம். பின்னதில் 69 வீதம். சிறு கல்லிலும் திறந்த அறுவை மேல். பெரிய கல்லிலும் திறந்த அறுவை மேல். இரண்டையும் கூட்டினால் மாத்திரம் அது தாழ்ந்துவிடுகிறது!

மாயம் ஒன்றும் இல்லை. எளிதான சிறு கற்களைப் பெரும்பாலும் துளைமுறைக்கும், கடினமான பெரிய கற்களைப் பெரும்பாலும் திறந்த அறுவைக்கும் வைத்தியர்கள் அனுப்பியிருந்தனர். கடினமான வேலை எவருக்குக் கொடுக்கப்படுகிறதோ அவருடைய கணக்கிலேயே தோல்வி மிகும். எந்தச் சிகிச்சையை எவருக்குக் கொடுப்பது என்று வைத்தியர் தம் மதியால் முடிவு செய்தது சீட்டில் எழுதப்படுவதில்லை; ஆனால் அதன் விளைவு எண்ணுக்குள் ஒளிந்திருக்கும். (அறுவையே சிறந்தது என்று யாரும் இதிலிருந்து முடிவு செய்துவிட வேண்டாம். துளைமுறை 1986 இன் பின்னர் மிகத் திருந்திவிட்டது; நோயாளர் விரைவில் வீடு செல்லவும் அது உதவுகிறது.)

இதே காரணத்தாலேயே, ஒரு போதனா வைத்தியசாலையில் இறப்பு மிகுதி, கிராமத்துச் சிற்றாஸ்பத்திரியில் இறப்புக் குறைவு என்று காட்டும் கணக்கை வைத்துக்கொண்டு பெரிய ஆஸ்பத்திரியைக் குறைகூறுதல் முறையன்று. சிற்றாஸ்பத்திரியிலிருந்து ஆம்புலன்சில் இரவோடிரவாக அனுப்பப்படுவோர் எங்கே வந்து சேருகின்றனர் என்பதை முதலில் வினவுதல் வேண்டும்.

இன்னொரு பொறியும் உண்டு. தொழில் என்னும் கட்டம் ஒரு சீட்டிலே வெறுமையாக இருக்கின்றது என்று கொள்வோம். ஆராய்பவர் அதனைக் 'கமக்காரர் அல்லர்' என்று எண்ணிவிடலாகாது. இரவு 2 மணிக்கு, நாற்பது நோயாளரைத் தனியே பார்த்துக்கொண்டிருந்த ஓர் இளம் டாக்டர் அதனை நிரப்ப மறந்திருக்கலாம். அவசரத்தில் கிறுக்கிய எழுத்தை வாசிக்க முடியாமையும் உண்டு. அன்றியும் காகிதத்துக்குப் பகை பல. வாவிக் காற்றின் ஈரமும் கறையானும் எங்கும் உள்ளவை. இக்கரையோ அவற்றுக்கு மேலாக 1978 நவம்பரிற் பெருஞ் சூறாவளியையும், 2009 வரை நீடித்த போரையும், 2004 டிசம்பர் 26 இல் கடற்கோளையும் கண்டது. மக்கள் ஓடிக்கொண்டிருந்த காலத்தில் எவருடைய நோயும் ஒழுங்காக எழுதப்பட்டிராது. அவ்வாண்டுகளில் ஒரு நோய் குறைந்திருந்ததாக ஏடு காட்டுமாயின், குறைந்தது நோயா எழுத்தா என்று ஐயுறுவதே அறிவுடைமை.

சீட்டிலுள்ளவர்களின் மானத்தைப் பற்றியும் கூறல் தகும். ஒருவர் தம் உடலின் மறைவான குறையை டாக்டரிடம் கூறுவது வைத்தியத்துக்காகவே. பல்லாண்டு கழித்து ஒரு மாணவர் வாசிப்பதற்காக அன்று. ஆதலால் இத்தகைய ஆய்வைத் தொடங்குமுன் ஒழுக்கநெறிக் குழுவிடம் அனுமதி பெறுதல் வேண்டும். பெயரும் விலாசமும் நீக்கப்பட்டு ஓர் இலக்கம் மாத்திரம் இடப்படும். நம் ஊர்கள் சிறியவை. 'மண்டூரில் இன்ன வயதுப் பெண்' என்று எழுதினாலே பாதி ஊருக்கு ஆள் தெரிந்துவிடும். பெயரை நீக்குவது மட்டும் போதாது என்பதை இங்குள்ள ஆராய்ச்சியாளர் மற்றவரினும் நன்கு அறிவர்.

கரை சேராதவர்கள்

ஆஸ்பத்திரி ஏட்டின் மிகப் பெரிய குறை வேறு. ஆஸ்பத்திரிக்கு வராதவர் அதில் இல்லை.

பாம்புக்கடியை எடுத்துக்கொள்வோம். வேளாண்மைக் காலத்தில் வயல்வெளியிற் புடையனும், இரவில் நிலத்திற் பாயிட்டு உறங்குவோரிடம் கட்டுவிரியனும் வருவது கமக்காரர் வீட்டுக்குப் புதிதன்று. கட்டுவிரியன் கடித்த இடத்தில் நோவோ வீக்கமோ பெரும்பாலும் இராது. வயிற்று நோவென்று எழுந்து, விடியுமுன் கண்ணிமை சோர்ந்து மூச்சடங்கும். கடி என்றே அறியாத குடும்பம் ஆஸ்பத்திரிக்கு ஏன் ஓடும்? அறிந்த குடும்பமும் முதலில் விஷகடி வைத்தியர் வீட்டுக்குச் செல்லக்கூடும். அதற்குமேல் வழியும் ஒரு தடை. கொக்கட்டிச்சோலைப் பக்கத்தவர்கள் மண்முனைத் துறையில் நீரைக் கடப்பதற்கு, 2014 ஆம் ஆண்டிற் பாலம் திறக்கப்படும் வரையும், 'பாதை' எனப்படும் மிதவையையே நம்பியிருந்தனர். நள்ளிரவிலே பாதை அக்கரையில் நின்றால், இக்கரையில் நிற்பவர் என் செய்வர்?

இத்தகையோரை ஏடு எவ்வளவு தவறவிடுகிறது என்பதை அம்பாறை மாவட்டத்துக்கு அயலான மொனராகலை மாவட்டத்திற் சோதித்துப் பார்த்தனர். அவ்வாய்வு 2006 இல் வெளியாயிற்று. பாம்புக்கடியால் நேர்ந்த மரணங்களுட் பாதிக்கு மேற்பட்டவை ஆஸ்பத்திரிக் கணக்கில் இல்லை என்பது புலனாயிற்று. பின்னர் 2012, 2013 ஆம் ஆண்டுகளில் நாடெங்கும் 44,000 க்கு மேற்பட்ட வீடுகளுக்குச் சென்று, கடந்த 12 மாதத்தில் எவரையேனும் பாம்பு கடித்ததா என்று வினவினர். அதுவும் ஒருவகைப் பின்னோக்கே. சீட்டுக்குப் பதிலாக வீட்டாரின் நினைவை வாசிப்பது. அதன்படி இலங்கையில் ஓராண்டிற் பாம்பு கடித்தோர் ஏறக்குறைய 80,000 பேர். இறந்தோர் 460 பேரளவில். அரசினர் ஆஸ்பத்திரிகளிற் பதியப்பட்டு வந்ததோ ஆண்டுக்கு ஏறக்குறைய 37,000. எஞ்சியோருட் பலர் நஞ்சேறாமற் பிழைத்தவர்களாக இருப்பர் என்பது உண்மை. ஆனால் நஞ்சு முறிவு மருந்தை எத்தனை குப்பி, எந்த ஊருக்கு அனுப்புவது என்று முடிவு செய்வோர் எந்த எண்ணை நோக்குகின்றனர் என்பது சிறு காரியமன்று. தொலைவான ஊரிலிருந்து எவரும் வரவில்லை என்று ஏடு காட்டும். வரவில்லையாகையால் அங்கே தேவையில்லை என்று கருதப்படும். மருந்து இல்லையாகையால் அடுத்த முறையும் எவரும் வாரார்.

வீட்டாரின் நினைவை வாசித்த இன்னோர் ஆய்வு வாவியின் தென்முனைக்கு அப்பாலுள்ள கரையோரத்தைச் சார்ந்தது. அப்பகுதி 1961 இல் அம்பாறை மாவட்டம் பிரியும் வரையும் மட்டக்களப்பு மாவட்டமாகவே இருந்தது. 2004 டிசம்பர் 26 ஒரு ஞாயிற்றுக்கிழமை. பூரணை விடுமுறையும் கூட. காலையிலே கடல் எழுந்தது. அதன் பின் சில மாதங்களுக்குள், அம்பாறைக் கரையோரத்து 13 அகதி முகாம்களில், நிஷிக்கியோரி என்னும் யப்பானிய வைத்தியரும் அவருடன் உழைத்தோரும் 859 குடும்பங்களை வினவினர். அலை வருவதற்கு முன் வீட்டில் யார் யார் இருந்தனர், எவருக்கு என்ன வயது, அவ்வேளையில் எங்கே நின்றனர் என்பவையே வினாக்கள். அக்குடும்பங்களில் இருந்தோர் மொத்தம் 3,533 பேர். இறந்தோர் 446, காணாமற் போனோர் 11. நூற்றுக்கு ஏறக்குறைய 13 பேர்.

ஊரில் யாவரும் அறிந்ததே என்று கருதப்பட்டதை அவ்வெண்கள் பிரித்துக் காட்டின. ஆண்களில் நூற்றுக்கு 8.2 பேர் இறந்தனர், பெண்களில் 17.5 பேர். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 31.8, ஐந்து முதல் ஒன்பது வயது வரையில் 23.7, ஐம்பது கடந்தோரில் 15.3, இருபதுகளில் இருந்தோரில் 7.4. வீட்டுக்குள் இருந்தோரில் 13.8, வெளியில் நின்றோரில் 5.9. மீன்பிடித் தொழிலைச் சார்ந்தோரில் 15.4, ஏனையோரில் 11.2. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள் மூவரில் ஒருவரளவில் மாண்டனர் என்பதை வாசிக்கும்போது நம் கை ஏட்டில் நகர மறுக்கிறது.

ஞாயிற்றுக்கிழமைக் காலையில் வீட்டுக்குள் அடுக்களையிலும் குழந்தைகளுடனும் இருந்தவர் யார் என்பதை எந்தக் குடும்பத்தினரும் எண்ணிப் பார்க்கலாம். நீந்தப் பழகியவர் யார், மரத்தில் ஏறப் பழகியவர் யார், கால் தடுக்காத உடை அணிந்திருந்தவர் யார் என்பவற்றையும் எண்ணலாம். இவை ஆய்வில் அளக்கப்பட்டவை அல்ல, நாம் ஊகிப்பவை. எனினும், அபாய அறிவிப்பு வந்தால் முதலில் எந்த வீட்டுக் கதவைத் தட்டுவது, குழந்தைகளைத் தூக்குவதற்கு யாரை அனுப்புவது என்று கரையோரக் கிராமங்கள் முன்னரே வகுத்துக்கொள்வதற்கு இவ்வெண்களினும் சிறந்த வழிகாட்டி வேறில்லை என்பது நம் கருத்து.

இவ்வாய்வுக்கும் பாம்புக்கடி ஏட்டின் குறை உண்டு. முகாமில் இருந்தோரிடமே வினா கேட்கப்பட்டது. உறவினர் வீட்டுக்குச் சென்றுவிட்ட குடும்பங்கள் அதிற் சேரவில்லை. எவருமே எஞ்சாத வீடுகளின் சார்பில் மறுமொழி கூறுவதற்கு முகாமில் ஒருவரும் இல்லை. ஆகவே உண்மையான இழப்பு 13 வீதத்திலிருந்து வேறுபட்டிருத்தல் கூடும். அவ்வீடுகளையும் கணக்கிற் கொண்டுவர வேண்டுமாயின், ஆஸ்பத்திரி ஏட்டை மூடிவைத்துவிட்டுக் கிராம சேவையாளரின் குடும்பப் பட்டியலையும், வாக்காளர் இடாப்பையும், பாடசாலை வரவுப் புத்தகத்தையும் பக்கத்திற் பக்கமாக விரித்து வைத்துப் பெயர் பெயராக ஒப்பிட்டுச் செல்லுதல் வேண்டும்.